சிசிலி மேப் தலைகீழா இல்லைங்க

ஃபேமிலி குரூப்ல ஒரு பழைய உலக மேப் சுத்துது, "900 வருஷம் முன்னாடி சிசிலில அரபிக்காரங்க உலகம் தட்டைன்னு நம்பி தலைகீழா வரைஞ்சது"ன்னு. தப்புங்க. அது அல் இத்ரீசிங்கற அரபு புவியியல் அறிஞர், சிசிலித் தீவோட (இப்போ இத்தாலில இருக்கு) ராஜா 2ஆம் ரோஜருக்காக, அதோட தலைநகர் பலெர்மோல இருந்து 1154ல முடிச்ச வேலை. தெற்கை மேல வெச்சு வரையறது அப்போ அரபு மேப்ல சகஜம், அவ்ளோதான், நம்ம போன்லயே திருப்பிப் பாருங்க, கீழ கிடக்குற ஐரோப்பா மேல வந்துடும். உலகம் பந்து மாதிரி உருண்டைன்னு அந்த மேப் இருக்குற புத்தகத்தோட முன்னுரைல அவரே எழுதிருக்கார், வானத்துக்கு நடுவுல அது முட்டைக்குள்ள மஞ்சக்கரு மாதிரி இருக்குன்னு எவ்ளோ அழகா சொல்றார்! பாரிஸ் தேசிய நூலகத்தோட காலிக்கா சைட்ல அந்தப் புத்தகத்தோட பழைய கையெழுத்துப் பிரதி ஃப்ரீயா இருக்கு, பக்கம் பக்கமா பாக்கலாம். அந்த ஃபார்வர்ட் வந்தா தயவுசெஞ்சு அடுத்தவங்களுக்கு அனுப்பாதீங்க, அனுப்பினவங்ககிட்டயும் இதைச் சொல்லிடுங்க.