"உட்கார்ந்து ஓட்டுறதுக்கு இவ்வளவு சீன் போடணுமா?"

அந்த வீடியோவை மறுபடி இங்கே போடப் போவதில்லை. எல்லோரும் பார்த்தாயிற்று. நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் ரேஸ் முடிந்து இறங்கிய பையன் காரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அதற்கு அமெரிக்காவில் நம் சார்லட் நகரத் தமிழ் வாட்ஸப் குழுவில் வந்த பதில்தான் தலைப்பு. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். போட்டவர்களில் பாதிப் பேர், ஐ-77 நெடுஞ்சாலை ட்ராஃபிக்கில் அரை மணி நேரம் மாட்டினால் மறுநாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்பவர்கள்.

கோடையில் நாஸ்கார் காருக்குள் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே தீ தாங்கும் உடுப்பு, கையுறை, ஹெல்மெட். நம் ஊரில் நடக்கும் கோகோ கோலா 600 ரேஸ் என்றால் 400 சுற்று, பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல். இரண்டு மூன்று கிலோ எடை வியர்வையாகவே போய்விடும். இறங்கியதும் உட்காராமல் பரதநாட்டியமா ஆடுவான்?

"சுத்திச் சுத்தி இடது பக்கம் மட்டும்தானே திரும்புறான்" என்கிறார் ஓர் அண்ணன். வலது பக்கம் திரும்பும் தடங்களும் உண்டு, அது கிடக்கட்டும். டேட்டோனா ரேஸ் தடத்தின் வளைவு 31 டிகிரி சரிவு அண்ணா, நடந்தே ஏறிப் பாருங்கள். அதில் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் வேகம், சுற்றிலும் ஒட்டிக்கொண்டு கார்கள். பக்கத்தில் யார் என்பதை மேலே நின்று தடத்தைக் கவனிக்கும் ஸ்பாட்டர் என்ற உதவியாளர் ரேடியோ வழியே காதில் சொல்ல, அதை நம்பித்தான் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். 2000இல் நியூ ஹாம்ப்ஷயரில் நாஸ்கார் ஓட்டுநர் ஆடம் பெட்டி இறந்தது பயிற்சி ஓட்டத்தில். வயது 19. அதுவும் சீன்தானா?

நீங்கள் பார்ப்பது ரேஸ் நாளை மட்டும். எங்கள் தெருவில் ஒரு பையன் லெஜண்ட்ஸ் எனும் சின்ன ரேஸ் கார் ஓட்டுகிறான். பள்ளி விட்டு வந்தால் கராஜில் காருக்கு அடியில் கிடப்பான். டயர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பான், நசுங்கிய பாடியைத் தட்டி நிமிர்த்துவான். ராத்திரி சிமுலேட்டர். இதற்கு நடுவே கடை கடையாக ஏறி ஸ்பான்சர் கேட்க வேண்டும். தெரிந்தவர் ஒருவரின் மளிகைக் கடைக்கு நானே கூட்டிப் போனேன். பையன் கண்ணைப் பார்த்து அழகாகப் பேசினான். அவர் கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வில் மார்க் என்னவென்று கேட்டு அனுப்பிவிட்டார்.

"அப்பன் காசு இருந்தா யாரும் ஓட்டலாம்." சரி, இதில் உண்மை உண்டு. நாஸ்காரின் பிக்கப் ட்ரக் பந்தயத் தொடரான ட்ரக் சீரிஸில் முழு சீசனுக்குப் பல மில்லியன் டாலர் வேண்டும். ஆனால் ராஜா கரூத் என்ற ஓட்டுநர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஐரேசிங் என்ற ரேஸ் சிமுலேட்டர் ஓட்டித் தொடங்கியவர். கல்லூரியில் படித்துக்கொண்டே 2024 மார்ச்சில் லாஸ் வேகஸ் ட்ரக் ரேஸை ஜெயித்தார். அப்புறம், சுவரில் மோதும்போது அப்பன் காசு குறுக்கே வந்து நிற்குமா?

"பெட்ரோல் வீண்" என்பவர்களுக்கு: வீட்டுக்கு இரண்டு எஸ்யூவி வைத்திருப்பவர்களிடம் பேச எனக்குத் தெம்பில்லை.

2010இல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் மார்ட்டின்ஸ்வில்லில் இதே ட்ரக் சீரிஸ் ரேஸில் ஓட்டி 13வதாக வந்தார். அந்த வருடம் ரசிகர் ஓட்டில் அந்த சீரிஸின் மோஸ்ட் பாப்புலர் டிரைவரும் அவர்தான். அப்போது மட்டும் எல்லோருக்கும் பெருமை பொங்கியது. ஜெயித்து வந்தால் நம்ம பையன், வழியில் களைத்து உட்கார்ந்தால் சீன்!

அதே கோவையில், செட்டிப்பாளையம் ட்ராக்கில் என் தம்பி கார்ட் எனும் குட்டி ரேஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாண வீட்டில் பார்க்கும்போதெல்லாம் "என்னடா டிரைவர், எந்த ரூட்டு?" என்று கேட்டுக் கேட்டே மாமாக்கள் அவனை நிறுத்தினார்கள். ஒருத்தர்கூட அவன் ஓட்டி ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போது பேங்கில் இருக்கிறான். ரேஸ் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். அதே சிரிப்பை நேற்று குழுவில் பார்த்தேன்.

குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன், திரும்பச் சேர்க்க வேண்டாம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் தீபாவளி பாட்லக் விருந்துக்கு வடை நான் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேன். வேறு யாராவது உட்கார்ந்து சுட்டுக்கொள்ளுங்கள்.