அப்பாவை ‘சும்மா’ உட்கார வைக்காதீர்கள்

“அப்பா, நீங்க ஒண்ணும் செய்யண்டாம், சும்மா இரிங்க.” குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து வீடுகளுக்கு, வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் போனில் அடிக்கடி சொல்வது இது. பாசம்தான். ஆனால் இந்தப் பாசத்தின் மேல் எனக்குப் புகார் உண்டு.

ரப்பர் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு. ஏடிஎம் கார்டு மருமகள் கையில். சந்தைக்குப் போக வேறு ஆள். போதாக்குறைக்கு முன்னறையில் ஒரு கேமரா. அப்பா முற்றத்துக்கு இறங்கினால் தோஹாவிலிருந்து போன் வரும். காலும் கண்ணும் நன்றாக இருக்கிற மனிதர், மத்தியானம் என்ன கறி என்றுகூட முடிவெடுக்க வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

1976இல் எலன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், “உங்கள் அறையை எப்படி வைப்பது, எந்த நாளில் சினிமா பார்ப்பது எல்லாம் உங்கள் விருப்பம், இந்தச் செடியையும் நீங்களே பாருங்கள்” என்றார்கள். இன்னொரு மாடிக்கும் செடி உண்டு, சினிமா உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள். சில வாரங்களில் முதல் மாடிக்காரர்களிடம் சுறுசுறுப்பும் சந்தோஷமும் கூடியிருந்தன. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது அங்கே இறப்பும் குறைவு. ஆய்வில் இருந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு என்பதால் அந்த இறப்புக் கணக்கை நான் பெரிதாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். சுறுசுறுப்பு கூடியதே எனக்குப் போதும்.

2002இல் பெக்கா லெவி என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஒரு சிற்றூரில் 50 வயதைத் தாண்டிய 660 பேர். தங்கள் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள், மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். உடல்நிலை, வருமானம், தனிமை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் நின்றது. நினைப்பு மட்டுமே ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும், “உங்களால ஏலாது” என்று தினமும் கேட்கிற ஒருவர் தன் வயதை எப்படி நல்லவிதமாகப் பார்ப்பார்?

மறதி நோய் வந்தவர், அடிக்கடி விழுகிறவர் கதை வேறு. அங்கே துணை வேண்டும். நான் சொல்வது பாஸ்புக்கைத் தானே வாசித்து, ரப்பர் ஷீட்டுக்கு இன்றைய விலை என்ன என்று கேட்டு வைத்திருக்கும் அப்பாக்களைப் பற்றி. அம்மாக்களுக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு, அடுப்படியை அவர்கள் லேசில் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்த லீவில் வரும்போது அந்த கேமராவைக் கழற்றுங்கள். கார்டைத் திருப்பிக் கொடுங்கள். மீனும் அவரே போய் வாங்கட்டும். சாளைக்கு ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்து ஏமாந்தால் ஏமாறட்டுமே, அவர் காசுதானே.