கையில் கட்டிய காப்பு

ஜமைக்காவின் மான்டிகோ பே நகரில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். அந்த ஏழு நாளில், யாரேனும் ஒருவர் குறுக்கே வந்து எதையாவது என் தலையில் கட்டப் பார்க்காமல், நூறு அடி தூரத்தைத் தொடர்ந்தாற்போல் நடந்து கடந்ததாக எனக்கு நினைவே இல்லை. பாடகர் ஜிம்மி கிளிஃபின் பெயரை 2019-இல் சூட்டிய கடற்கரைச் சாலையில், காலை ஏழு மணிக்குக் காற்று வாங்கப் போனாலும் இதே கதைதான். "டாக்சி வேண்டுமா, பாஸ்?" வேண்டாம். "படகுச் சவாரி?" வேண்டாம். அடுத்து இரண்டடி நெருங்கி, குரலைத் தாழ்த்தி, "கஞ்சா?" இந்தியாவிலிருந்து 1845 முதல் கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களோடு அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்த சொல் அது. அதற்கு எனக்கே பொருள் விளக்கி விற்கப் பார்த்த இளைஞரிடம் சிரிப்பதா சீறுவதா என்று தெரியாமல் நடையைக் கட்டினேன்.

இவற்றையெல்லாம்விட என்னை எரிச்சலூட்டியது ஒரு கேள்வி: "ஜமைக்காவுக்கு இதுதான் முதல் தடவையா?" கேட்பதற்கு நலம் விசாரிப்பது போலிருக்கும், உண்மையில் அது நம்மை அளந்து பார்க்கும் கேள்வி. ஆமாம் என்று சொன்ன மறுகணமே விலை இரட்டிப்பாகிவிடும். மூன்றாம் நாள் நான் சாமர்த்தியமாக, "ஐந்தாவது தடவை" என்று பொய் சொன்னேன். "அப்படியானால் என்னை மறந்திருக்க மாட்டீர்களே, உங்கள் விடுதிச் சமையலறையில்தானே வேலை செய்கிறேன்!" என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கினார். அந்த மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததே கிடையாது.

என் நிறமும் முகமும்தான் காட்டிக்கொடுக்கின்றன என்று முதலில் நினைத்தேன். அது தவறு. இந்திய வம்சாவளியினர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்கள் கொண்டுபோன ஆட்டுக்கறிக் குழம்பு இல்லாமல் ஜமைக்காவில் விருந்து நிறைவதில்லை. என்னைக் காட்டிக்கொடுத்தது, விடுதியில் நுழைந்ததும் என் மணிக்கட்டில் மாட்டிவிட்ட நீலநிறப் பிளாஸ்டிக் பட்டை. சாப்பாடு, மது, நீச்சல்குளம் எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டியவர் என்பதற்கான அடையாளம் அது. கத்தரித்தால்தான் கழலும், கத்தரித்துவிட்டால் உள்ளே சோறு கிடையாது. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பார்கள் அல்லவா, அதே விதியை அந்த விடுதியின் வாயிற்காவலரும் வைத்திருந்தார். "தனியாக வெளியே போக வேண்டாம், ஐயா. எல்லாமே உள்ளே இருக்கிறதே" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்.

அந்த ஊரில் சிவப்பு எண்பலகை கட்டிய பங்கு டாக்சிகள் ஓடுகின்றன. ஒரு வண்டியில் நான்கைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, தடத்துக்குரிய கட்டணத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொள்வார்கள். நானும் கை நீட்டினேன், வண்டி நின்றது, ஓட்டுநரின் பார்வை நேராக என் மணிக்கட்டுக்குப் போனது. "பதினைந்து அமெரிக்க டாலர்" என்றார். பள்ளிப் பிள்ளையை மடியில் வைத்திருந்த பெண்மணி அதே தூரத்துக்கு 200 ஜமைக்கா டாலர் கொடுத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். ஓர் அமெரிக்க டாலருக்கு 150-க்கும் அதிகமான ஜமைக்கா டாலர் கிடைக்கும்போது, இது எந்த ஊர்க் கணக்கு? டன்ஸ் ரிவர் அருவியில் வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், உள்ளூர்க்காரருக்கு அதைவிடக் குறைந்த கட்டணம் என்று வெளிப்படையாக அறிவித்து வாங்குகிறார்கள். அதை நான் முணுமுணுக்காமல் கொடுத்தேன். ஆளைப் பார்த்து அந்த நொடியில் விலை வைப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எளியவர்கள் பிழைப்புக்காகச் செய்கிறார்கள், எனக்குக் கோபமில்லை என்று பெருந்தன்மையாக எழுதிவிட்டுப் போகலாம். அது பொய், எனக்குக் கோபம் வந்தது, பலமுறை வந்தது. ஆனால் நான்காம் நாள் பார்த்த ஒரு காட்சி அந்தக் கோபத்தை வேறு பக்கம் திருப்பியது. விடுதியின் கடற்பகுதியை மிதவைக் கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். அந்தக் கயிற்றுக்கு அப்பால், இடுப்பளவுத் தண்ணீரில், எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் இரு கைகளிலும் மணிமாலைகளைத் தூக்கிப் பிடித்தபடி, காவலரின் விசில் சத்தத்துக்கு அசையாமல் நின்றுகொண்டிருந்தார். மணலில் கால் வைக்க அவருக்கு அனுமதியில்லை. 1956-இல், ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றிய கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கரையோரத்தின் உரிமையை அரசிடம் வைத்ததே தவிர, கடலில் இறங்கிக் குளிக்கும் பொது உரிமையை அந்நாட்டு மக்களுக்கு வழங்கவில்லை. பிறந்த ஊரின் கடற்கரையிலேயே அவர் கயிற்றுக்கு வெளியே நிற்க, எங்கிருந்தோ வந்த நான் உள்ளே சாய்வு நாற்காலியில் படுத்துக்கிடக்கிறேன். நான் கட்டிய பணமெல்லாம் மதிலுக்குள்ளேயே செலவாகிறது. நான் வாசலைத் தாண்டி வரும் பத்து நிமிடத்தில் என்னிடம் ஏதாவது விற்றால்தான் வெளியே நிற்பவருக்கு வரும்படி. அப்படியிருக்க அவர்கள் துரத்தாமல் என்ன செய்வார்கள்? அந்த மதிலுக்கும் காப்புக்கும் பணம் கட்டியது நானேதான் என்பது எரிச்சலைக் குறைக்கவில்லை, கூட்டியது.

நானும் ஒன்றும் யோக்கியனில்லை. எதையும் விற்க வராமல் கிரிக்கெட் பேச வந்த ஒரே மனிதரிடம், "உங்கள் ஊர் பிராவோ எங்கள் சென்னை அணிக்கு என்னமாய் ஆடினார்!" என்று அளந்தேன். "அவர் டிரினிடாட்காரர். எங்கள் ஊர்க்காரர் கெய்ல்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

கடைசி நாள், கைவினைக் கடைகள் வரிசையாக இருந்த ஒரு சந்தில், ஒருவர் புன்னகையோடு என் பெயரைக் கேட்டார். பழக்கதோஷம், சொல்லித் தொலைத்தேன். அடுத்த நிமிடத்தில் ஒரு மரப்பறவையின் வயிற்றில் கத்தி முனையால் அதைச் செதுக்கி நீட்டினார். குமார் என்பது எப்படியோ "கோமா" ஆகியிருந்தது. நான் கேட்கவில்லையே என்றேன். "உங்கள் பெயரைப் போட்டுவிட்டேனே, இனி வேறு யார் இதை வாங்குவார்கள்?" என்றார். அது என் பெயரே இல்லை என்று சொல்லும் தெம்பு அப்போது எனக்கு இல்லை. இருபது டாலரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.