இடுப்பு வலிக்குத் தினமும் நூறு கீகல் பயிற்சியா?

"பெண்களுக்கு அடிவயிறு, இடுப்பு வலியா? தினமும் நூறு முறை கீகல் பயிற்சி செய்தால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. சிலருக்கு வலி கூடவே செய்யும். கீகல் என்பது, சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசைகளை (சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடலைக் கீழிருந்து தாங்கும் தசைகள்) இறுக்கி விடும் பயிற்சி.

1948-ல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதிய அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல், பிரசவத்துக்குப் பின் தளர்ந்த தசைகளை மனதில் வைத்தே சொன்னார். சிறுநீர்க் கசிவுக்கு இன்றும் அது நல்ல பயிற்சிதான். ஆனால் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள பலருக்குப் பிரச்சினையே வேறு: இடுப்புத்தளத் தசைகள் இறுகிப்போய், விடத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருக்கும். உடலுறவில் வலி, மலம் கழிக்க முக்க வேண்டியிருப்பது எல்லாம் இதனாலும் வரலாம். அதை இன்னும் இறுக்கினால்?

இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் முதலில் தசையைச் சோதிப்பார். உங்கள் சம்மதத்தோடு, கையுறை போட்ட ஒரு விரலால் பிறப்புறுப்பின் உள்ளேயும் பார்க்கலாம். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்புறம் பெரும்பாலும் தளர்த்தும் வேலைதான்: மூச்சை இழுக்கும்போது வயிறும் இடுப்புத்தளமும் விரியப் பழகுவது, இறுகிய இடங்களைக் கையால் மெல்ல அழுத்தி விடுவிப்பது.

இதற்கெல்லாம் முன்பு, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), தொற்று போன்ற காரணங்கள் உண்டா என்று மகப்பேறு மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். காய்ச்சலோடு வலி, கர்ப்ப காலத்தில் வலி என்றால் தாமதிக்கவே வேண்டாம்.