இயற்கை மருத்துவம் என்று நம்பி என் பிள்ளைக்கு என்னவெல்லாம் கொடுத்தேன்

பிள்ளையின் வயிற்று உபாதையை ஊருக்கே சொல்ல வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். சொல்லத்தான் வேண்டும் என்று போன வாரம் முடிவு செய்தேன். பால்வாடி வாசலில் ஒரு அம்மா, மூன்று வயதுப் பிள்ளைக்கு மலச்சிக்கல் என்று பொட்டலத்தில் ஒரு சூரணம் வைத்திருந்தார். மேலே பெயரும் இல்லை, தேதியும் இல்லை. "இயற்கை வைத்தியம்தானே, பயமில்லை" என்றார். எட்டு மாதத்துக்கு முன்னால் நானும் இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் ஆரம்பித்தது. மகனுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. மூன்று நாளுக்கு ஒருமுறை, நாலு நாளுக்கு ஒருமுறை என்று போனான். ஒருநாள் கெட்டியாகப் போய் ஆசனவாயில் கீறி இரத்தம் வந்தது. அன்றிலிருந்து மலம் வருகிற உணர்வு வந்தாலே கதவுக்குப் பின்னால் போய் ஒளிவான். நுனிக்காலில் நின்று, காலைப் பின்னிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து நிற்பான். பாவம், எப்படி முக்குகிறான் பார் என்று நாங்கள் உட்கார்ந்து அழுதோம். அவன் முக்கவில்லை, அடக்கிக்கொண்டிருந்தான். வலிக்குப் பயந்து அடக்க அடக்க உள்ளே இன்னும் இறுகும், இறுகினால் அடுத்த முறை இன்னும் வலிக்கும். இந்தச் சுழலை எனக்கு யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் நாலு மாதம் மிச்சம்.

முதலில் குழந்தை மருத்துவரிடம்தான் போனோம். நல்ல கூட்டம். இரண்டு நிமிடம் பார்த்தார், ஒரு சிரப் எழுதினார். ஐந்து நாள் கொடுத்தோம், சரியானது. நிறுத்தினோம், பழையபடி ஆனது. மறுபடி போனோம், அதே சிரப். "மருந்துக்குப் பழகிவிடும்" என்று சொந்தத்தில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். அப்போதுதான் இயற்கை வைத்தியம் பக்கம் திரும்பினோம். அலோபதி மேல் வெறுப்பெல்லாம் எதுவும் இல்லை. எங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் போனோம்.

என் அத்தை உரைகல்லை எடுத்தார். சுக்கு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய், சுட்ட வசம்பு. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கும் உரைமருந்து. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே ஒரு பெயர் உண்டு. அத்தை நான்கு பிள்ளைகளை அதில்தான் வளர்த்தார், அந்த அன்பை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் நடந்தது இதுதான். ஐப்பசியில் மகனின் ஜட்டியில் அடிக்கடி தண்ணியாகக் கறை பட ஆரம்பித்தது. "பிள்ளைக்கு மாந்தம் தட்டி வயித்தால போகுது" என்றார் அத்தை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வயிற்றைக் கட்டும் என்று மாசிக்காயையும் ஜாதிக்காயையும் கூட இரண்டு உரை உரைத்துக் கொடுத்தோம். மலக்குடலில் கட்டியாக அடைத்திருக்கும்போது, அதன் ஓரமாகத் தண்ணியாகக் கசியும். பார்ப்பதற்கு வயிற்றுப்போக்கு மாதிரியே இருக்கும். ஏற்கெனவே அடைத்திருந்த பிள்ளைக்கு நாங்கள் இன்னும் கட்டுகிற மருந்தைக் கொடுத்திருக்கிறோம். இதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வராது.

அப்புறம் குடல் தட்டுகிறவரிடம் போனோம். குடல் ஏறியிருக்கிறது என்று விளக்கெண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி அழுத்தி உருவினார். பிள்ளை அலறின அலறல் தெருமுனை வரை கேட்டது. அடுத்து தொக்கம் எடுக்க, அதாவது வயிற்றில் சிக்கியிருப்பதாகச் சொல்லும் உணவை எடுக்கப் போனோம். சின்னக் குழாயை வயிற்றில் வைத்து உறிஞ்சி, வாயிலிருந்து நைந்துபோன எதையோ துப்பிக் காட்டினார்கள். குடலுக்குள் இருப்பது தோலைத் தாண்டி எப்படி வெளியே வரும்? படித்தவள் நான், அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்தது ஆறு மாதக் கைக்குழந்தை.

கடைசியாக ஃபோனில் மட்டும் பேசுகிற ஒருவர், தன்னை இயற்கை மருத்துவர் என்று சொல்லிக்கொண்டவர், கூரியரில் ஒரு டப்பா பொடி அனுப்பினார். பிள்ளையைப் பார்க்கவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாம் மூலிகைதான்மா" என்றார். பத்து நாள் கொடுத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான், நிறுத்திவிட்டேன்.

கார்த்திகையில், வேறு வேலையாக அரசு மருத்துவமனைக்குப் போனபோது 'யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவு' என்ற பலகை கண்ணில் பட்டது. உள்ளே ஒரு பெண் மருத்துவர். பி.என்.ஒய்.எஸ்., அதாவது இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த பட்டப்படிப்பு, படித்தவர். நாலரை வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. இப்படி ஒரு பட்டப்படிப்பு இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். முக்கால் மணி நேரம் கேட்டார். காலையில் எழுந்ததிலிருந்து என்ன சாப்பிடுகிறான், பால் எவ்வளவு, பாட்டிலா டம்ளரா, கழிப்பறையில் உட்கார்ந்தால் கால் தரையில் படுகிறதா, கறை எந்த நேரத்தில் படுகிறது. பிறந்து எத்தனை மணி நேரத்தில் முதல் மலம் போனான் என்றுகூடக் கேட்டார். இரண்டு நாள் தாண்டியும் போகாத குழந்தைக்குக் குடலில் பிறவிக் கோளாறு இருக்கலாம், அதனால்தான் கேட்கிறேன் என்றார். நல்லவேளை, இவன் முதல் நாளே போனவன்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, உள்ளே நிறைய அடைச்சிருக்கு. இதைக் கரைக்க என்கிட்ட வழி இல்லை. பழமும் கீரையும் இப்போ கொடுத்தா வயிறு இன்னும் உப்பும். முதல்ல குழந்தைகள் பிரிவுக்குப் போங்க, நான் சீட்டு எழுதித் தரேன். அங்க மருந்து ஆரம்பிச்சதும் என்கிட்ட வாங்க."

நாலு மாதத்தில் எங்களிடம் "என்கிட்ட வழி இல்லை" என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அன்றுதான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

அவரிடம் தொடர்ந்து போனபோதுதான் இந்த வார்த்தைக் குழப்பமும் தெளிந்தது. நாம் வேர், பட்டை, சூரணம், பாட்டி வைத்தியம், தொக்கம் எல்லாவற்றையும் இயற்கை மருத்துவம் என்று சொல்லிவிடுகிறோம். படிப்பாக இருக்கிற இயற்கை மருத்துவத்துக்கு மருந்தில்லா மருத்துவம் என்றுதான் பெயர். தண்ணீர், மண், வெயில், உணவு, ஓய்வு, இவைதான் அதன் முக்கியக் கருவிகள். பொடி கொடுத்தாலே அது வேறு மருத்துவம். சித்த மருத்துவத்துக்குத் தனிப் படிப்பு, தனி மருந்து, தனி மருத்துவர் உண்டு. அங்கே போவதென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் நேரில் பிள்ளையைக் காட்டிப் போக வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இந்த இயற்கை மருத்துவத்தின் பெரிய வேர் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் இருக்கிறது. இடுப்புக் குளியலைப் பரப்பிய லூயி கூனே லைப்சிக் நகரத்துக்காரர். இங்கே அதை ஊன்றியவர்களில் முக்கியமானவர் காந்தி. 1946இல் புனே பக்கத்தில் உருளி காஞ்சனில் ஏழைகளுக்காக ஒரு இயற்கை மருத்துவ ஆசிரமமே தொடங்கினார். ஆக, நம் முன்னோர் சொன்னது, அதனால் சோதிக்கவே வேண்டாம் என்ற வாதம் இங்கே பொருந்தவே பொருந்தாது.

சரி, பிள்ளைக்கு என்ன ஆனது? குழந்தைகள் பிரிவில் மலத்தை இளக்கும் பொடி கொடுத்தார்கள், தண்ணீரில் கலக்கிக் கொடுப்பது. முதல் சில நாள் கூடுதல் அளவு, அடைப்பு முழுக்க வெளியேறும் வரை. அதன் பிறகு தினசரி அளவு. குறைந்தது இரண்டு மாதம் நிறுத்தக் கூடாது, சரியாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தினால் திரும்ப வரும் என்று அங்கிருந்த மருத்துவர் எழுதியே கொடுத்தார். குடல் விரிந்து போயிருக்கிறது, அது பழைய அளவுக்குச் சுருங்க நாள் பிடிக்கும், இந்த மருந்து பழக்கமாகிவிடாது என்றும் விளக்கினார். ஆடியில் அந்த ஐந்து நாள் சிரப் எழுதியபோதே இந்த நாலு வரியைச் சொல்லியிருந்தால் நாங்கள் தொக்கம் வரை போயிருக்கவே மாட்டோம். இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டு, பெற்றோர் ஏன் போலிகளிடம் போகிறார்கள் என்று கோபப்படுவதில் நியாயம் இல்லை.

இயற்கை மருத்துவர் செய்தது மீதி எல்லாம். முதலில் பால். முக்கால் லிட்டருக்கு மேல் குடித்துக்கொண்டிருந்தான், அதுவும் பாட்டிலில், கூடவே பிஸ்கட்டும் ரஸ்க்கும். பாலே வயிற்றை நிறைத்தால் சோறு எப்படி இறங்கும்? இந்த வயதில் அரை லிட்டரைத் தாண்டினால் இரும்புச்சத்தும் குறையும் என்றார். பாட்டிலை நிறுத்தினோம். நான்கு நாள் வீடே போர்க்களம். அதன் பிறகு டம்ளரில் காலை ஒன்று, இரவு ஒன்று. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்றார், வயதோடு ஐந்தைக் கூட்டிக்கொள்வது கணக்கு. அதற்காகக் கடையில் எதையும் வாங்கச் சொல்லவில்லை. விதை நீக்கிய கொய்யா, பப்பாளி, அவரைக்காய்க் கூட்டு, சிறுபயறு, நிறைய கறிகாய் போட்ட சாம்பார் சாதம். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பிடியுங்கள் என்றார். காலைச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்காரவைப்பது, காலுக்குக் கீழே ஒரு முக்காலி, கையில் படப்புத்தகம், போகாவிட்டாலும் திட்டக் கூடாது. வயிற்றில் கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாகத் தடவச் சொன்னார், பிள்ளை வேண்டாம் என்றால் அதுவும் வேண்டாம். எனிமா பற்றி நானே கேட்டேன். ஏற்கெனவே பயந்துபோன பிள்ளை, அந்த இடத்தைத் தொடவே கூடாது என்றார். உபவாசம் பெரியவர்களுக்கு, வளரும் பிள்ளைக்குக் கிடையாது என்றார்.

எந்த நிலையில் தன்னிடம் வராமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். பச்சையாக வாந்தி எடுத்தால். வயிறு கல்லாக உப்பினால். விட்டு விட்டு அலறிக் காலை மடக்கினால், அதோடு மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து வந்தால், அது குடல் குடலுக்குள் சொருகிக்கொள்வதாக இருக்கலாம், மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. எங்கள் ஊரில் குடல் தட்டப் போகிற குழந்தைகளில் எத்தனை பேர் இப்படிப்பட்டவர்களோ என்று நினைத்து அன்றைக்கு எனக்கு உடம்பே நடுங்கியது.

வயிற்றுப்போக்கு உண்மையாகவே இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலும் 14 நாள் துத்தநாக மருந்தும்தான் முதலில், பட்டினி போடக் கூடாது, கஞ்சியும் தாய்ப்பாலும் தொடர வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கவே கூடாது. தேனில் இருக்கும் ஒரு கிருமியின் விதை பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பையே முடக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும். சேனை வைக்கிறோம், மருந்தைத் தேனில் குழைக்கிறோம் என்று நாம் எல்லோரும் செய்வது இது. வசம்பும் அப்படித்தான். அதில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968இலேயே உணவில் அதைச் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். நாம் பிறந்த குழந்தையின் நாக்கில் தடவுகிறோம்.

எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இந்த இயற்கை மருத்துவப் பிரிவு ஏதோ ஒரு மூலையில், பெரும்பாலும் முதுகுவலிக்காரர்களும் சர்க்கரைக்காரர்களும் வருகிற இடமாக இருக்கிறது. அதைக் குழந்தைகள் பிரிவுக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். மருந்து எழுத அங்கே ஒருவர், சாப்பாட்டையும் பழக்கத்தையும் உட்கார்ந்து கேட்க இங்கே ஒருவர். எங்கள் பிள்ளைக்கு இரண்டு பேரும் வேண்டியிருந்தது. அவர்களை நாங்கள் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆனது.

இது பங்குனி. பொடி இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், அளவு பாதியாகியிருக்கிறது. இடையில் காய்ச்சல் வந்து ஒருமுறை மறுபடி அடக்க ஆரம்பித்தான், பத்து நாளில் சரியானது. அத்தை இப்போது உரைகல்லைத் தொடுவதில்லை. இரவில் உலர்திராட்சை ஊறவைத்து, காலையில் நன்றாகப் பிசைந்து அவரே ஊட்டுகிறார். செவ்வாய்க்கிழமை காலையில் நான் சமையலறையில் இருந்தேன். முக்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. "ஆச்சி, ஆய் வருது, வாங்க" என்று அவனாகவே கூப்பிட்டான்.