நொடிக்குப் பத்து

(இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் விறாந்தையில், மாமா பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறார். கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதி கைக்கு வந்த செய்தி தோட்டம் முழுக்கத் தெரியும். மருமகனுக்குத் தெரியாமல் போகுமா?)

மருமகன்: மாமா, ஃபுட்போல் மெட்ச் எடுக்க ஒரு கெமரா பார்த்து வைத்திருக்கிறேன்.

மாமா: போன் இருக்கிறதே. உன் கூட்டாளி அதில்தானே எடுத்தான்?

மருமகன்: அந்தப் படத்தைப் பார்த்தீர்களா? நான் பாய்ந்து பந்தைப் பிடிக்கிறேன். படத்தில் பந்தும் இல்லை, முகமும் இல்லை.

மாமா: அதுவா! நீ மயங்கி விழுந்துவிட்டாய் என்று உன் அத்தை அழுதாளே.

மருமகன்: ஓடுகிறவன் கலங்காமல் தெரிய, ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் மூட வேண்டும் மாமா. கெனன் 7டி மார்க் 2 என்று ஒன்று, 2014இல் வந்தது. நொடிக்கு 10 படம்!

மாமா: மெட்ச் 90 நிமிடம்... அப்போது 54,000 படம். கொழுந்துச் சாக்கிலா கட்டிக்கொண்டு வருவாய்?

மருமகன்: பந்து கோல் பக்கம் வந்தால் மட்டும் ஓர் அமுக்கு. பத்தில் நல்லது ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடலாம்.

மாமா: கூடையில் முத்தல் பொறுக்குகிற வேலை. சரி, புதுசா, பழசா?

மருமகன்: பழசுதான். எல்லாரும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கெமரா பக்கம் போவதால் விலை இறங்கிக் கிடக்கிறது. எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். ஷட்டருக்குக் கம்பனி சொல்லும் ஆயுள் 2 லட்சம் படம்.

மாமா: (விரல் விட்டு எண்ணுகிறார்) நீ விரலை எடுக்காமல் அமுக்கினால், நாலாவது மெட்ச், 63 நிமிடம் தாண்டியதும் சாமான் செத்தது. இடைவேளையிலேயே சொல்லி அனுப்பு, சாவுக்கு வந்துவிடுகிறேன்.

மருமகன்: மாமா!

மாமா: சரி சரி. எவ்வளவு?

மருமகன்: கெமராவுக்கு அவ்வளவு இல்லை. லென்ஸ்தான்... 70 முதல் 200 மில்லிமீட்டர் வரை இழுக்கலாம், அபேச்சர் 2.8. அந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூட. கெமராவைவிடக் கொஞ்சம்... கூட.

மாமா: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

மருமகன்: பின்னேரம் பனி இறங்கி மைதானம் இருட்டுகிறதே மாமா. மலிவு லென்ஸை முழுக்க இழுத்தால் 5.6தான். இது அதைப்போல நாலு மடங்கு வெளிச்சம் வாங்கும். அந்தக் கெமராவில் படம் பதியும் சென்சர் சிறியது, அதில் மாட்டினால் 200 லென்ஸ் 320 அளவுக்குக் கிட்டக் காட்டும்.

மாமா: பனி முழுக்க மூடிவிட்டால்?

மருமகன்: ஃபோகஸ் ஆளைப் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலையும்.

மாமா: அந்த நேரம் ரெஃப்ரியும் அப்படித்தான் அலைகிறான். மழை?

மருமகன்: தூறலுக்குத் தாங்கும், ரப்பர் அடைப்பு இருக்கிறது. பெருமழைக்கு உறை போட வேண்டும். வீட்டில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைக்காவிட்டால் நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பங்கஸ் பிடிக்கும்.

மாமா: உன் அத்தையின் கூறைச் சேலைக்கே நான் அதெல்லாம் போட்டதில்லை. சரி, பாதி தருகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீதானே கோல் கீப்பர்? நீ பாயும்போது கெமரா யார் கையில்?

மருமகன்: உங்கள் கையில்தான் மாமா. ஒரே ஒரு பொத்தான்.

மாமா: (நிமிர்ந்து உட்கார்கிறார்) அப்படியா! நீ விடுகிற கோல் ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாக எடுத்து, சந்திக் கடையில் தொங்கவிடுகிறேன் பார்.

மருமகன்: மாமா... நொடிக்கு 3 படம் மட்டும் எடுக்கிற மலிவுக் கெமராவும் இருக்கிறது. அதையே பார்ப்போமா?