வாங்கத் தெரிவதற்காகச் செய்வது

வீட்டில் அப்பளம் இட்டோம் என்று சொன்னால், 'பரவாயில்லையே, எவ்வளவு மிச்சம்!' என்று ஒருவர் சொல்கிறார். 'பாட்டி காலத்து வாழ்க்கையே தனி' என்று இன்னொருவர் பெருமூச்சு விடுகிறார். இரண்டையுமே என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கணக்குப் பார்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை. பாட்டி காலத்தில் மாவு இடித்தவர்கள் யார், திண்ணையில் உட்கார்ந்து நொறுக்கியவர்கள் யார் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே எங்கள் வீட்டில் கணவருக்கும் உலக்கை உண்டு.

போன கோடையில் அரைக் கிலோ உளுந்து மாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பிரண்டைச் சாறு, அப்பளக்காரம், உப்பு, பெருங்காயம் எல்லாம் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்த மாவை, எண்ணெய் தொட்டுத் தொட்டு, இழுத்தால் அறுந்துபோகாமல் நீளும் பதம் வரும்வரை இடிக்க வேண்டும். அந்தப் பதம் வருவதற்குள் எங்கள் மூவருக்கும் தோள் விட்டுப்போயிற்று. இட்ட அப்பளங்களோ நடுவில் தடித்தும் ஓரத்தில் கிழிந்தும் கிடந்தன. மொட்டைமாடியின் உச்சி வெயிலில் காயப்போட்டதால் பாதி, வளைந்து விரிசல் விட்டன. பொரித்தபோது ஓரம் கருகியது, நடுப்பகுதி வேகவில்லை. மகள் மட்டும் விசுவாசத்தோடு நான்கு தின்றாள்.

அதன் பிறகுதான் கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டுகளாகத் தின்றிருக்கிறேன்; பார்த்ததில்லை. விளிம்பிலிருந்து நடுவரை ஒரே கனமாக அதை இடுவதற்கு எத்தனை ஆண்டுக் கைப்பழக்கம் வேண்டும் என்பதை, எங்கள் கிழிந்த அப்பளங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தன. வீட்டுக் கைவேலையின் பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன்: நாம் தேர்ந்த கைவினைஞர் ஆகப்போவதில்லை, ஆனால் தேர்ந்த கையை அடையாளம் கண்டு வாங்கத் தெரிந்துகொள்வோம்.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் சுமார் 35 கிலோமீட்டர்தான். அந்தச் சாலையில் பத்தமடையில் பாய், காருக்குறிச்சியில் மண்பாண்டம், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் என்று அடுத்தடுத்து வருகின்றன. விடுமுறை என்றாலே மலைவாசத்தலம் தேடி ஓடும் நாங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியில் புளியோதரையைக் கட்டிக்கொண்டு இந்தச் சாலையில் பேருந்து ஏறினோம்.

காருக்குறிச்சி என்றதும் எங்கள் மாமனாருக்கு அருணாசலத்தின் நாகஸ்வரம்தான் நினைவுக்கு வரும். எனக்கு இப்போது மீன்குழம்புச் சட்டி. முன்பு வழவழப்பையும் நிறத்தையும் பார்த்து வாங்கிவிடுவேன். அப்படி வாங்கிய ஒரு சட்டியைப் பழக்காமல் நேரே அடுப்பில் ஏற்றி, தீயையும் முழுதாகத் திறந்துவிட்டு, மூன்றாம் நாளே வெடிக்க வைத்தவள் நான். குறை சட்டியிலா என் அவசரத்திலா என்று இன்று கேட்டால் தயங்காமல் என்னைத்தான் சொல்வேன். இந்த முறை விரல் முட்டியால் தட்டி, கணீரென்ற ஓசை வந்ததையே எடுத்தேன். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு சில நாட்கள் வடிகஞ்சி ஊற்றிவைத்து, சிறு தீயில் பழக்கினேன். இன்றுவரை அதில்தான் குழம்பு.

பத்தமடையில்தான் வெகுநேரம் நின்றோம். கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாக வகிர்ந்து, பருத்தி நூல் பாவில் நெருக்கி நெய்யும் பட்டுப் பாயைத் துணிபோல மடித்துவிடலாம். பழைய வேட்டியைக் கிழித்துக் கடைப் பை தைப்பதற்கே நேர்கோடு பிடிக்கத் தடுமாறும் எனக்கு, அந்தப் பாயின் ஓரத்தைத் தடவிப் பார்த்தபோது பேச்சு வரவில்லை. விலையைச் சொன்னார்கள். பேரம் பேசத் திறந்த என் வாயைக் கணவர் ஒரு பார்வையிலேயே மூடினார். உலக்கை பிடித்தவர் அல்லவா.

அன்று பட்டுப் பாய் வாங்கப் பணம் போதவில்லை. சாதாரணக் கோரைப் பாய் ஒன்றை, சொன்ன விலைக்கே வாங்கிச் சுருட்டிக்கொண்டு வந்தோம். மதிய உறக்கத்திற்கு அதில் யார் படுப்பது என்று வீட்டில் இப்போது தினமும் சண்டை.